செல்வம் அண்ணன் வைத்த பத்திரிகை

எனக்கு இருபத்தெட்டு வயது. போன மாதம் ரிட்டயர்டு ஆனேன்.

இதை நானாகச் சொல்லவில்லை, கலை அக்கா சொன்னது. திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த பகல்நேர மையத்தை விட்டு யார் போனாலும் அவருடைய கணக்கில் அது ரிட்டயர்மென்ட்தான். சிறப்புக் கல்வி படிக்கப் போகிறேன், படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "படிக்கப் போனா இன்னா, தூங்கப் போனா இன்னா? போறல்ல? அப்போ ரிட்டயர்டு" என்று தீர்ப்பு சொல்லி, தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்து அனுப்பிவைத்தார்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிற இரண்டு பேர் போனில் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். இப்போது எந்தப் பயிற்சிக்குப் போனாலும், "அவர்கள் விழாவை அவர்களே திட்டமிடட்டும்" என்று திரையில் போட்டுக் காட்டுகிறார்களாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. "ஆனா பாயில உக்காந்து கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்றாங்கண்ணே. நீங்கல்லாம் எப்டிண்ணே பண்ணீங்க?" என்றார்கள். எப்படி என்று பாடமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஊர் எங்களுடையது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைத் தோட்டத்தில், கூலி வேலை. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அதனால் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான். எந்த ஆபீஸுக்குப் போனாலும் அப்பாவை நிற்க வைத்துவிட்டு, "உங்கப்பாவுக்கு என்ன வேணுமாம்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். நானும் பெருமையாகச் சொல்வேன். அப்பா பக்கத்தில் துண்டை மடித்துக்கொண்டு நிற்பார். சமூகப்பணி பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தபோது, அடுத்தவருக்காகப் பேசுவதுதான் என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளி வயது தாண்டியவர்களுக்கான மையம் அது. ஆட்டிசம் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், மற்றவர்களைவிட மெதுவாகக் கற்கிறவர்கள் என்று பலரும் வருவார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும், "பிள்ளைங்கல்லாம் சாப்ட்டாச்சா மேடம்?" என்று கேட்டேன்.

மேற்பார்வையாளர் பிரமிளா மேடம் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பிள்ளைங்க?"

கையைக் காட்டினேன்.

"அந்தம்மா பேரு கலைச்செல்வி. உனக்கு அக்கா முறை. ஜன்னல் கிட்ட உக்காந்துக்கினு இருக்கறவரு செல்வம். அவரும் உனக்கு மூத்தவரு. வயசுக்கு ஏத்த மாதிரி கூப்புடு தம்பி. இங்க பிள்ளைன்னா நீ ஒருத்தன்தான்."

கலை அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பயிற்சிக் காலம் என்று ஒன்று எனக்கு இருந்ததென்றால் அது அவ்வளவுதான்.

பிரமிளா மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. விழுப்புரத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவார். பிறகு மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பஸ் எப்போது வந்தாலும் சரி என்று உட்கார்ந்திருப்பவரைப் போல. பதில் வரும்வரை அடுத்த கேள்வி கிடையாது. கேட்டதையே திருப்பிக் கேட்பதும் கிடையாது. நாங்கள் யாராவது பொறுக்காமல், "அவருக்கு டீ வேணும் போல மேடம்" என்று ஆரம்பித்தால், "உன்னக் கேட்டனா?" என்பார். குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

நான் சேர்ந்த சமயத்தில் ஆண்டு விழா எல்லா இடத்திலும் நடப்பதைப் போலத்தான் நடந்துகொண்டிருந்தது. மேடை, மைக் செட், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வாசலில் சரவெடி. எங்களவர்களுக்கு ஜிகினா சட்டை போட்டு ஆட வைப்போம். பெற்றவர்கள் கீழே உட்கார்ந்து அழுவார்கள். செல்வம் அண்ணன் மட்டும் ஒவ்வொரு வருடமும் காதைப் பொத்திக்கொண்டு, ஹால் பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருப்பார். அவர் பேசமாட்டார். மனம் அமைதியாக இருந்தால் மெல்லிசாக முனகிக்கொண்டிருப்பார். தாங்க முடியாமல் போனால் எழுந்து ஓடிவிடுவார்.

ஒரு வருடம் மேடம் சொன்னார்: "இந்தத் தடவ விழா நம்மளுது இல்ல. அவங்களுது."

வியாழக்கிழமைக் கூட்டம் அப்படித்தான் ஆரம்பமானது. இந்த முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டது இதைத்தான். எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார வேண்டும். நடுவில் சொற்கள் கிடையாது, பொருட்கள்தான். ஓடாத மைக் ஒன்று, காலி வெடிப் பெட்டி, பொன்னாடை, மாலை, தங்கத் தாள் ஒட்டிய கிரீடம், வாழை இலை, டம்ளர், பலூன். பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை. "என்ன வேணும்?" என்ற கேள்வியோடு மேடம் ஆரம்பிக்கவே இல்லை. "இதுல எது வேணாம்?" என்றுதான் கேட்டார். வேண்டாததை எடுத்துக் கூடையில் போட வேண்டும். ஏன் இப்படி என்று பிறகு நான் கேட்டதற்கு, "வேணும்னு சொல்றதுக்கு நம்பிக்க வேணும் தம்பி. இவங்களுக்கு இதுவரைக்கும் வேணாம்னு சொல்லவே யாரும் இடம் குடுக்கலியே, மொதல்ல அதக் குடுப்போம்" என்றார்.

கடிகாரம் பைக்குள் போனது. எனக்குக் கால் மரத்துப்போகும்வரை ஒருவரும் அசையவில்லை. அப்புறம் செல்வம் அண்ணன் எழுந்து வந்தார். மைக்கை எடுத்தார், கூடையில் போட்டார். வெடிப் பெட்டியை எடுத்தார், போட்டார். ஓடவில்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அடுத்து பாபு. மேடை ஆட்டம் என்றாலே பாபுதான், எங்களுடைய நட்சத்திரம். கண்டக்டர் குரலில்தான் எதையும் சொல்வார். கிரீடத்தை இரண்டு விரலில் தூக்கி, "எறங்கு எறங்கு, வண்டி டிப்போவுக்குப் போவுது" என்று கூடையில் இறக்கிவிட்டார். கலை அக்கா பொன்னாடையைப் போட்டார். மாலையையும் பலூனையும் மற்றவர்கள் போட்டார்கள்.

கடைசியில் பாயில் மிஞ்சியது வாழை இலையும் டம்ளரும் மட்டும்தான். நாங்கள் வருடா வருடம் ஆசை ஆசையாகச் செய்தது அத்தனையும் கூடைக்குள் கிடந்தது. இத்தனை வருடமும் இவர்கள் மனதில் ஒரு பதில் இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை, வேண்டியது என்ன என்று மேடம் கேட்டார். கலை அக்கா யோசிக்கவே இல்லை. "நான் பத்திரிகை வெக்கணும்."

"எதுக்குக்கா?" என்றேன்.

"எங்க வூட்டுக்கு எல்லாரும் வந்து வெப்பாங்க. அம்மாவுக்கு வெப்பாங்க, தம்பிக்கு வெப்பாங்க. எனக்கு யாரும் வெக்கல. நானும் யாருக்கும் வெக்கல. வெத்தல பாக்கு, பழம், குங்குமம், தட்டுல வெச்சு, வூட்டுக்குப் போயி வெக்கணும்."

அதோடு விழா முடிவாகிவிட்டது. மேடையும் கிடையாது, ஆட்டமும் கிடையாது, ஒரு விருந்து மட்டும். அவர்கள் அழைப்பார்கள், வாசலில் நின்று வரவேற்பார்கள், பந்தி பரிமாறுவார்கள். யாரை அழைப்பது என்பதும் அவரவர் இஷ்டம்.

செல்வம் அண்ணனின் அம்மா மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, அவரை எங்களிடம் விட்டுவிட்டு, திண்டிவனம் மார்க்கெட்டில் கருவாடு விற்பார். மாலையில் கூடையோடு வந்து அழைத்துப்போவார். அண்ணன் தேர்ந்தெடுப்பதற்காக மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று சில போட்டோக்கள் கொண்டுவந்திருந்தார். அண்ணன் ஒன்றையும் தொடவில்லை. அம்மாவின் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை இழுத்து, அதன் அடியிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துப் பாயில் வைத்தார்.

அம்மா பதறிவிட்டார். "அது வேணாம்டா கண்ணு."

போட்டோவில் இருந்தது மூத்த மகன் ஆறுமுகம். விழுப்புரத்தில் குடியிருக்கிறார், மீன் கடைகளுக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறார். அவர் கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள், தம்பி மண்டபத்துக்கு வர வேண்டாம் என்று. செல்வம் அண்ணனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு ஆறுமுகம் ஊர்ப் பக்கம் வருவதே நின்றுபோனது.

"அன்னிக்கிப் பூரா வாசப்படியிலயே நின்னுக்கினு இருந்துச்சாம் சார்" என்றார் அம்மா. "அப்பறம் எத்தினி நாளு சரியா சோறே துன்னல. இப்பவும் அவன் வர மாட்டான். அவன் வரலன்னா இது உங்க மண்டபத்து வாசல்லயே நின்னுடும். என்னால அத இன்னொருக்கா பாக்க முடியாது சார். வேற ஆர் போட்டோவாச்சும் வெச்சுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மேடத்திடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

"அவரு விருந்துக்கு ஆர கூப்புடணும்னு நீ முடிவு பண்ணுவியா?"

"அவருக்கு மனசு உடைஞ்சிட்டா மேடம்?"

"ஒடையட்டும். உம் மனசு ஒடைஞ்சதே இல்லியா? அவரு மனசு மட்டும் இன்னா, கண்ணாடி பீரோல வெச்சுப் பூட்றதா?" என்றவர் தொடர்ந்தார்: "எனக்கும் பயந்தான் தம்பி. ஆனா போட்டோ அவரு எடுத்தது."

ஆறுமுகத்துக்கு மேடமே போன் செய்தார். அவர் "வாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

ஒரு காலை நேரத்தில் விழுப்புரம் பஸ் ஏறினோம். அண்ணன், மேடம், நான். துணைக்குக் கலை அக்கா. "எனக்குத்தான் மொற தெரியும்" என்று அவராகவே ஏறிக்கொண்டார். அம்மா வர மறுத்துவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், மேலே பத்திரிகை. அண்ணன் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் கூடையும் மூட்டையுமாகக் கூட்டம் ஏறியது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அவர் காதைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் பாய்வார். கை இரண்டும் தாம்பாளத்தில் இருந்தன. கண்ணை இறுக்கி மூடினார், உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, முனகல் உரக்கக் கேட்டது. தாம்பாளத்தை மட்டும் விடவில்லை. ஒரு வெற்றிலைகூட நழுவவில்லை. எங்கள் ஊருக்குப் பிரியும் ரோடு கடந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகம் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் திரைச்சீலை, உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம். ஆறுமுகம் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வெளியே வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "நல்லா சாப்புட்றானா சார்? ஓடிக் கீடிப் போறானா?"

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி. என் அப்பா துண்டை மடித்துக்கொண்டு நிற்பது சட்டென்று கண்ணில் வந்தது. மேடம் சொன்னார்: "பத்திரிகை வெக்க வந்திருக்கறது அவருங்க. அவர்கிட்டயே கேளுங்க."

ஆறுமுகம் திரும்பினார். அண்ணன் தாம்பாளத்தை நீட்டினார். ஆறுமுகம் வாங்கக் கையை நீட்டியதும் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். மறுபடி இழுத்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் அதேதான்.

ஆறுமுகத்தின் கை அந்தரத்தில் நின்றது. முகம் சுருங்கிப்போனது. "கோவம் போவல சார் அவனுக்கு. நான் பண்ணதுக்கு அவன் குடுக்க வேணாம். நீங்க வந்ததே போதும், கெளம்புங்க."

என் வாய் துடித்தது. தாம்பாளத்தை நானே வாங்கி அவர் கையில் கொடுத்து, "அப்படியெல்லாம் இல்லைங்க, அவருக்குச் சொல்லத் தெரியல" என்று சமாதானம் பேச ஒரு அடி முன்னால் வைத்தேன். பக்கத்தில் லேசாக ஒரு சத்தம். மேடம் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நான் நின்றுவிட்டேன்.

நால்வரும் சந்தில் நின்றோம். ஒரு சைக்கிள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அண்ணன் ஆறுமுகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை முழுக்கத் திரைச்சீலையில் இருந்தது. உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது.

கலை அக்காதான் பொறுமையிழந்தார். "இன்னாண்ணே நீங்க, தனியா நின்னு வாங்குறீங்க? அண்ணி எங்க? புருசன் பொண்டாட்டி ஜோடியா நின்னுதான வாங்கணும்? அதான் குடுக்க மாட்றாரு. இதுகூடத் தெரியாதா?"

எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. அவ்வளவு சாதாரண முறை. எங்கள் ஊரிலும் அப்படித்தான் வாங்குவோம். செல்வம் அண்ணனுக்கு அது தெரிந்திருக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

திரை விலகியது. ஆறுமுகத்தின் மனைவி விமலா வெளியே வந்தார். புடவையெல்லாம் நூல் துணுக்குகள். பயந்த முகம். தலையைக் குனிந்தபடி புருஷன் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணன் தாம்பாளத்தை மூன்றாம் முறை இழுத்துக்கொண்ட இடத்திலிருந்தே மெல்ல முன்னால் கொண்டுவந்தார். நான்கு கைகள் அதை வாங்கின. கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று யார் வீட்டார் சொன்னார்களோ, அந்த விமலா வெளியே வரும்வரை அவர் காத்திருந்து, அந்தக் கையிலும் கொடுத்தார்.

"உள்ள வாங்க... தண்ணி குடிங்க" என்றார் விமலா. அண்ணன் அதற்குள் பஸ் நிலையத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். வந்த வேலை முடிந்துவிட்டது.

மாலையில் அம்மாவிடம் சொன்னபோது அவர் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வூட்டுக்கு ஆராச்சும் தட்டு எடுத்துக்கினு வந்தா இத உள்ள வெச்சுக் கதவ சாத்திடுவோம் சார். கத்தும்னு பயம். கதவுல சின்னதா ஒரு சந்து இருக்கும். அதுலருந்து பாத்துக்கினு இருந்திருக்கு. இதோட அப்பா இருந்தப்போ நானும் அவரும் நின்னு வாங்குவோம். அவரு போனதுலருந்து நான் முன்னாடி வர்றதில்ல. பெரியவன்தான் தனியா வாங்குவான், நான் உள்ளயே இருந்துடுவேன். எல்லாத்தையும் பாத்திருக்கு. ஒண்ணும் புரியாதுன்னுல்ல நெனச்சோம்."

விருந்து நாள் வந்தது. சின்ன மண்டபம், மதியச் சாப்பாடு. மைக் இல்லை. சத்தம் தாங்காதவர்களுக்கு ஓர் அறையில் விளக்கை அணைத்துப் பாய் போட்டிருந்தோம். மகன் ஆடுவதைப் படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அப்பா, "புரோகிராம் எப்பம்மா?" என்று கலை அக்காவிடம் கேட்டார். "இதான் புரோகிராம். உக்காந்து சாப்புடுங்க" என்று இலையில் சாம்பார் ஊற்றிவிட்டு நகர்ந்தார் அக்கா. பாபு பந்தி வரிசையில், "உள்ள போ, உள்ள போ, பின்னாடி எடம் காலியா கீது" என்று ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

செல்வம் அண்ணன் பன்னீர் செம்போடு வாசலில் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் தெளித்தார். முதல் பந்தி எழுந்தது. இரண்டாவது பந்தி எழுந்தது. வருகிறவர்கள் குறைந்து, யாருமே வராமல் போனபோதும் அவர் அங்கேயே நின்றார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். அசையவில்லை.

"சொன்னேன்ல சார்" என்றார் அம்மா. கண்ணைத் துடைக்கவில்லை, வாசலைப் பார்க்கவும் முடியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிரமிளா மேடம் இலை எடுக்கும் சாக்கில் வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

கடைசிப் பந்திக்கு இலை போடும்போது வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது. ஆறுமுகம், பின்னால் கைக்குழந்தையோடு விமலா. "ஐஸ் வண்டி நடுரோட்ல நின்னுடுச்சு சார், அதான்..." என்று ஆறுமுகம் என்னிடம் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தம்பியின் பக்கம் திரும்பினார். "லேட்டாயிடுச்சுடா செல்வம்."

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விமலாவுக்குத் தெளித்தார். குழந்தைக்கு ஒரு சொட்டு. ஆறுமுகத்துக்குத் தெளிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சட்டை நனைந்து ஒட்டியது. ஆறுமுகம் நகராமல் நின்றார். செம்பு காலியானதும் அண்ணன் அதைத் தரையில் வைத்துவிட்டு, நேராகப் போய் இலை முன் உட்கார்ந்தார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வேலையை விட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நான் பார்த்தது ஒன்று இருக்கிறது.

ஒரு மாலை, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். ஆறுமுகமும் விமலாவும் தாம்பாளத்தோடு மையத்துக்கு வந்தார்கள். மயிலம் கோயிலில் குழந்தைக்குக் காதுகுத்து. "செல்வம், உனக்குப் பத்திரிகை வெக்கத்தான்டா வந்தோம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து நின்று நீட்டினார்கள். மடியில் குழந்தையை உட்கார வைக்கத் தாய்மாமனோடு சித்தப்பாவும் வர வேண்டும் என்றார் விமலா.

அண்ணன் கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். வாங்கவில்லை. ஆறுமுகம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அந்தச் சின்னச் சத்தம், கடிகாரம் பைக்குள் விழும் சத்தம், கேட்டது.

அண்ணன் திரும்பி வெளி வராந்தாவுக்குப் போனார். அங்கே கூடையோடு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"விட்றா. நான் வரக் கூடாதுடா. தாலியறுத்தவ தட்டு வாங்கக் கூடாதுடா. நீ போயி வாங்கிக்க கண்ணு."

அவர் விடவில்லை. அம்மாவை எழுப்பி, நடத்தி, உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா விமலாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றார்.

"நில்லுங்க அத்த" என்றார் விமலா.

அம்மா கருவாட்டு வாசம் வீசும் கைகளை முந்தானையில் துடைத்தார், இன்னொரு முறை துடைத்தார். அப்புறம் மகனிடம், அத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில், "எந்தப் பக்கம்டா நிக்கணும்?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்.

செல்வம் அண்ணன் அவர் தோளைத் தொட்டுத் தன் வலப்பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் சேர்ந்து கையை நீட்டினார்கள்.